நாற்பத்தேழு படிவங்களில் ஒரே எண்

மூக்கில் குச்சி விடுவது செந்தாமரை என்றால் பிள்ளைகள் அழுவதில்லை. சும்மா சொல்லவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். 2021 நவம்பரில் பள்ளி திறந்து மூன்றாவது வாரம், எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இருநூற்றுப் பதினாறு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் கொரோனா சோதனை எடுத்தார்கள். இரண்டு மேசை போட்டிருந்தது. ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தவர் குச்சியை உறையிலிருந்து எடுக்கும்போதே பிள்ளைகள் கழிப்பறைப் பக்கம் ஓடினார்கள். இன்னொரு மேசையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த செந்தாமரை; அவள் குச்சியைக் காட்டவே மாட்டாள்.

"உம் பேரு இன்னா? அப்பிடியே மேல பாரு. அந்த ஃபேனுக்கு மேல குருவி கூடு கட்டிக்கினு கீது, தெரியுதா?" என்பாள்.

பிள்ளை அண்ணாந்து பார்க்கும். பார்த்து முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். மேலே கூடும் இல்லை, குருவியும் இல்லை. ஏமாந்த பிள்ளைகள் வெளியே போய் அடுத்து நிற்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களும் ஏமாறட்டும் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். சோதனைச் செலவை ஏதோ ஒரு தொழிற்சாலை ஏற்றுக்கொண்டதாம். பேனருக்கு அடியில் ஆறு பேர் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கொரோனா சோதனை முகாமில், முகக்கவசத்தைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, பல் தெரிய எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் இன்னும் எங்கள் பள்ளி வாட்ஸப் குழுவில் கிடக்கிறது. பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் இந்த விஷயத்தில் யாரைத் திட்டுவதானாலும் வரிசையில் முதல் ஆளாக நான்தான் நிற்க வேண்டும். நான் பிரவீனா. அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை. சோதனைப் படிவங்களை முன்கூட்டியே நிரப்பிக் கொடுத்தவள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படிவம். பெயர், வயது, முகவரி, பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கைபேசி எண். முடிவு அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். தொற்று இருந்தால் சுகாதார அலுவலகத்திலிருந்து அதே எண்ணுக்கு ஒரு தடவை கூப்பிடுவார்கள். சேர்க்கைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே போனேன். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தது. பத்தாவது படிவத்தில் அது மனப்பாடமாகிவிட்டது. அப்புறம் பதிவேட்டைப் பார்க்காமலே எழுதினேன். வேலை சீக்கிரம் முடிகிறதே என்று சந்தோஷம் வேறு. நாற்பத்தேழு படிவங்களில் அந்த ஒரே எண்ணை எழுதியிருக்கிறேன்.

யாருடைய எண் என்று தெரியாமல் எழுதவில்லை. தெரிந்துதான் எழுதினேன். அது அய்யாத்துரையின் எண்.

அய்யாத்துரை சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் தொழிற்சாலைக்கு விடும் கான்ட்ராக்டர். எங்கள் பள்ளிக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகள் முழுக்க அவருடைய ஆட்கள்தான். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போவார்கள். பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். அந்தத் தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. புது மாடல் சீட்டை யாராவது படம் எடுத்துவிடுவார்களாம். கேட்டில் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் தையல் லைனுக்குப் போக வேண்டும். பள்ளியில் ஒரு பிள்ளைக்கு என்ன ஆனாலும் அம்மாவின் போன் ஷிஃப்ட் முடியும்வரை லாக்கருக்குள் கிடந்து அடித்துக்கொண்டிருக்கும்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு தங்கமாரி என்கிற மூன்றாம் வகுப்புப் பிள்ளை படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அம்மா, அப்பா இரண்டு பேருக்கும் அடித்துப் பார்த்தோம். யாரும் எடுக்கவில்லை. கடைசியில் யாரோ அய்யாத்துரை எண்ணைக் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் அந்த அம்மாவை லைனிலிருந்து இறக்கி, பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு அவர் சாமி மாதிரிதான் வந்தார். அதிலிருந்து சேர்க்கைக்கு வருகிற அம்மாக்கள் எல்லோரும் ஒரே பாட்டுத்தான்: "அண்ணாச்சி நம்பர எழுதிக்கிடுங்க டீச்சர், அவியதான் எடுப்பாவ." நாங்களும் எழுதிக்கொண்டோம். கைமுறிவுக்குச் சரியாக இருந்த ஏற்பாடு கொரோனாவுக்கும் சரியாக இருக்குமா என்று எங்களில் ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

சோதனை எடுத்தது வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குப் பூமாரி பள்ளி வாசலில் நின்றாள். என் வகுப்பில் படிக்கும் சுகப்பிரியாவின் அம்மா. முதல் ஷிஃப்ட்டுக்குப் போயிருக்க வேண்டியவள்.

"டீச்சர், இன்னைக்கு கம்பெனி பஸ்ஸு எங்களுக்கு நிக்கல டீச்சர். கையக் காட்டுதேன், டிரைவர் பாத்துக்கிட்டே போறாரு. என்னைய மாதிரி ஆறு பேர ஏத்தல."

"அய்யாத்துரை என்ன சொல்றாரு?"

"ஆர்டர் கம்மி, ஒரு வாரம் வீட்ல இருங்கங்காவ. ஆர்டர் கம்மின்னா எங்க ஆறு பேருக்கு மட்டுமா கம்மி? எங்க வீட்ல வேற அவியளுக்கு ரெண்டு நாளா காய்ச்சல். இருமிக்கிட்டே கெடக்காவ. நீங்க யார்ட்டயாச்சும் கேட்டுச் சொல்லுவியளா டீச்சர்?"

கம்பெனி விஷயத்தில் நான் என்ன கேட்க முடியும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மணி அடித்தது, வகுப்புக்குப் போனேன். சுகப்பிரியா இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அன்று முழுக்க இருமினாள். மழைக்காலம்தானே என்று நினைத்தேன். தண்ணீர் குடி என்றும் சொன்னேன். பெரிய கவனிப்பு!

புதன்கிழமை மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் செந்தாமரை ஸ்கூட்டியில் வந்தாள். கையில் ஒரு தாள். எங்கள் பள்ளியில் ஒன்பது பிள்ளைகளுக்குத் தொற்று. மூன்று பேர் உள்ளூர்ப் பிள்ளைகள், அவர்கள் சனிக்கிழமையிலிருந்தே வீட்டில்தான் இருந்தார்கள். மீதி ஆறு பேரின் வீடு அவளுக்குத் தெரியவில்லை.

"எல்லாருக்கும் தகவல் சொல்லியாச்சு, வூட்டுத் தனிமைன்னு டிக் போட்டுக் கீது டீச்சர். மாத்திரை குடுக்கணும். இந்த சுகப்பிரியா வூடு எங்க?"

நான் குழாயடியைப் பார்த்தேன். இருபது பிள்ளைகளுக்கு நடுவில் சுகப்பிரியா முட்டி மோதிக்கொண்டு தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"அதோ" என்றேன். வேறு என்ன சொல்வது?

செந்தாமரை கத்தவில்லை, பதறவில்லை. ஆறு பேரின் பெயரையும் வாசித்து, அவர்களை மட்டும் மைதானத்தில் தள்ளித் தள்ளி நிற்க வைத்தாள். எல்லோருக்கும் புது முகக்கவசம் கொடுத்தாள். தாளில் அந்த ஆறு வரிசையையும் விரலால் தடவிக்கொண்டே வந்தாள். ஆறிலும் ஒரே எண். என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

போனை எடுத்து அந்த எண்ணை அடித்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹலோ, சுகப்பிரியா வூடுங்களா? ஹெல்த்லேந்து பேசறோம்."

"ஆமா மேடம், சொல்லுங்க" என்றார் அய்யாத்துரை.

"பொண்ணுக்கு நீங்க இன்னா வேணும்?"

"வேண்டியவங்கதான் மேடம். பிள்ளைய தனியா ரூம்ல வச்சிருக்கு. கஞ்சி குடிக்கா, மாத்திரை போடுதா, நல்லா இருக்கா. சனிக்கெழமையே ஆபீஸ்ல கேட்டாவ, சொல்லிட்டனே."

"இப்ப ரூம்லதான் கீதா?"

"ஆமா மேடம். படுத்திருக்கா."

சுகப்பிரியா ஈரத் தட்டோடு நான்கு அடி தள்ளி நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் படுக்கலையே டீச்சர்" என்றாள்.

"அண்ணாச்சி, பொண்ணு என் எதிர்ல நிக்கிது. தட்டு கழுவிக்கினு நிக்கிது" என்றாள் செந்தாமரை. போன் கட்டாகிவிட்டது. அது யாருடைய எண், திங்கட்கிழமை பூமாரி வந்து என்ன சொன்னாள் என்று செந்தாமரையிடம் சொன்னேன்.

அப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. "படிச்சிருக்கான் டீச்சர். ஆறு மெசேஜையும் படிச்சிருக்கான். படிச்சிட்டுத்தான் அம்மாங்கள பஸ்லேந்து எறக்கியிருக்கான். புள்ளைங்கள எறக்கல. அஞ்சு நாளா இதுங்க வூட்ல அப்பன் ஆத்தா பக்கத்துல படுத்துக்கினு கீதுங்க, இங்க வந்து எல்லாத்தோடயும் உக்காந்துக்கினு கீதுங்க. ஆபீஸ்ல ஒருத்தன் ஒரு போனு போட்டான், இவன் சரின்னான், அவன் டிக் அடிச்சிட்டு டீ குடிக்கப் போய்ட்டான்!"

லைன் வீட்டுக்கு அவளோடு நானும் போனேன். பத்துக்குப் பத்து அறை. மாசானம், சுகப்பிரியாவின் அப்பா, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குடோனில் மூட்டை ஏற்றுகிற ஆள், உட்கார்ந்த இடத்தில் மூச்சு வாங்கினார். செந்தாமரை அவர் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை மாட்டினாள். எண்பத்து மூன்று. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டுப் பூமாரியிடம் விஷயத்தைச் சொன்னாள்.

பூமாரி அழவில்லை. அதிர்ந்துபோய்க் கேட்டாள்: "எம்பிள்ளைக்கு வந்தது எனக்கு ஏன் சொல்லல? எனக்குத்தான மொதல்ல சொல்லணும்? ஒரே பாய்லதான படுத்தோம். நான் அவள தள்ளிப் படுக்கப் போட்டிருப்பனே." என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

ஆம்புலன்ஸ் வரும்போது அய்யாத்துரையும் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு போன். மாசானத்தைத் தாங்கி ஏற்றியதும் அவர்தான். கதவை மூடியதும் செந்தாமரை அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு பேர பஸ்லேந்து எறக்கத் தெரிஞ்சுதில்ல? இன்னாத்துக்கு எறக்கறேன்னு ஒரு வார்த்த சொல்ல இன்னா கேடு?"

"மேடம், கோவப்படாதிய. சொன்னா லைன் வீடு பூராவும் தகரம் வச்சு அடைச்சிருவாவ. போன வருசம் அடைச்சாவளா இல்லையா? கம்பெனிக்குத் தெரிஞ்சா எங்காளுவ நூத்திருவது பேரையும் நிப்பாட்டிட்டு வேற கான்ட்ராக்டர்ட்ட ஆள் எடுப்பான். ஆறு பேர நிப்பாட்டி மத்தவிய வேலைய காப்பாத்துனேன். எல்லாம் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"நல்லதுக்கா? உள்ள மூச்சு வுட முடியாம போறாரே, அவுரு உன் ஆளு இல்லையா?"

அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. கெட்டவனாக மட்டும் இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டு வந்திருக்கலாம். இந்த மனிதர் உண்மையாகவே நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளையின் நோயைப் பெற்றவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை தன்னிடம் இருப்பதாகவே நம்பினார். அந்த உரிமையை என் கையெழுத்தில் நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

அன்று மாலை என்னை வீட்டில் விடப் போகும் வழியில் செந்தாமரை ஸ்கூட்டியை வல்லக்கோட்டை சாலை ஓரத்தில் நிறுத்தினாள். அவள் ஊர் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். அவளைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன், தற்காலிகப் பணி, வருடா வருடம் மார்ச்சில் புதுப்பிப்பார்கள், புதுப்பிக்கும்வரை தூக்கம் இருக்காது என்பதுதான். அன்றைக்குத்தான் மீதியைச் சொன்னாள்.

பன்னிரண்டாவது முடித்த கையோடு அவளும் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறாள். டியூப் லைட்டுக்குக் கீழே நின்று பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அங்கேயும் லாக்கர்தான். ஒருநாள் முதல் ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு லாக்கரைத் திறந்தால், இருபத்து மூன்று தவறிய அழைப்புகள். அவள் அப்பா மாரிக்குக் காலையில் நெஞ்சுவலி. அம்மா செல்லம்மாள் எத்தனையோ தடவை அடித்திருக்கிறாள். பக்கத்து வீட்டிலிருந்தும் அடித்திருக்கிறார்கள்.

"நடுவுல ஒம்போதே முக்காலுக்கு வந்த ஒரு காலு எங்கப்பாவே பண்ணது டீச்சர். வண்டில ஏத்தறப்ப போன வாங்கி அவரே அடிச்சாராம். எடுக்கல. நான் வூட்டுக்குப் போறப்ப மாலை போட்டு வச்சிருந்தாங்க."

மறுநாளே வேலையை விட்டுவிட்டாள். காஞ்சிபுரத்தில் லேப் படிப்பு படித்தாள்.

மாசானம் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் ஆக்சிஜனில் இருந்து பிழைத்து வந்தார். ஆனால் மூட்டை தூக்க முடியவில்லை, இன்றுவரை முடியவில்லை.

டிசம்பரில் இரண்டாவது சுற்றுச் சோதனை என்று சுற்றறிக்கை வந்தது. லைன் வீட்டு அம்மாக்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: அன்றைக்குப் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம். அவர்கள் கண்டுபிடித்த உண்மை எளிமையானது. சோதனை எடுத்தால் பஸ் நிற்காது. எங்கள் தலைமையாசிரியர் கெஞ்சிப் பார்த்தார், நானும் கெஞ்சினேன். "எவ்வளவு பட்டோம், போதும் டீச்சர்" என்றார்கள். மேலே இருந்து வந்த ஒரே கேள்வி, நூறு சதவீதம் முடியுமா முடியாதா என்பது. ஏன் மறுக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாற்பத்தேழு பிள்ளைகளை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். இன்னொரு பத்துக்குப் பத்து அறை, இன்னொரு மாசானம்.

செந்தாமரை பிற்பகல் மூன்றே முக்காலுக்குக் கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்குப் போனாள். என்னையும் வரச் சொன்னாள். பெண்கள் இறங்கினார்கள். இறங்கியதும் எல்லோரும் முதலில் செய்தது, போனை எடுத்து என்ன வந்திருக்கிறது என்று பார்த்ததுதான். செந்தாமரை அது முடியும்வரை பொறுத்திருந்தாள்.

"அக்கா, ரெண்டு நிமிசம் நில்லுங்க. புள்ளைங்களுக்கு எடுக்கணும்."

"எடுத்து? அதே பாரத்துல அதே நம்பரத்தான எழுதுவிய?" என்றாள் ஒருத்தி.

"இல்ல. அந்த நம்பர எழுத மாட்டோம்."

"எங்க நம்பர எழுதுனா நாங்க உள்ள இருப்போம். யாரு எடுப்பா?"

"அதான் சொல்ல வந்தேன். ஆபீஸ்லேந்து ஒருவாட்டிதான் அடிப்பாங்க. எடுக்கலன்னா தொடர்பு கொள்ள முடியலன்னு எழுதிட்டுப் போய்க்கினே இருப்பாங்க. உங்களுக்குச் சம்மதம்னா என் நம்பர எழுதிக்கலாம். என் போனு எங்கயும் லாக்கர்ல இருக்காது. எப்ப அடிச்சாலும் எடுப்பேன். எடுத்ததும் இதே எடத்துல வந்து நின்னு, யாரு புள்ளையோ அவங்க காதுல மட்டும் சொல்லுவேன். அண்ணாச்சிக்குச் சொல்ல மாட்டேன், கம்பெனிக்குச் சொல்ல மாட்டேன், பக்கத்து வூட்டுக்கும் சொல்ல மாட்டேன்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற பூமாரி முன்னே வந்தாள். புருஷன் படுத்த பிறகு வேறு வழியில்லாமல் அதே அய்யாத்துரையிடம் போய் நின்று அதே வேலையை வாங்கியிருந்தாள்.

"எம்பிள்ளைக்கு இவிய நம்பர எழுதுங்க டீச்சர்" என்றாள். "அன்னைக்கு வீடு தேடி வந்தது இவியதான்."

மறுநாள் நாற்பத்தேழு படிவங்களையும் நானே எழுதினேன். செந்தாமரையின் எண் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பெயரைப் பார்த்து, பிள்ளையின் முகத்தை நினைத்து, நிதானமாக எழுதினேன். பாதுகாவலர் என்று போட்டிருந்த கட்டத்தில் டிக் செய்ததும் நான்தான்.

முடிவு வந்தது. மூன்று பிள்ளைகளுக்குத் தொற்று. குறுஞ்செய்தி வந்த அன்றே அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். மூன்று அம்மாக்களையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். மூன்று வீட்டிலும் பிள்ளைக்குத் தனிப் பாய், தனித் தட்டு. அம்மாக்கள் அவர்களாகவே அய்யாத்துரையிடம் காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கு ஒருவருக்கும் ஆகவில்லை. ஐந்து நாள் கழித்தும் லைன் வீட்டுப் பிள்ளைகளில் அந்த மூன்று பேர் மட்டுமே விடுப்பில் இருந்தார்கள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரு ஆள் போனை எடுத்தால் போதுமாக இருந்தது.

இந்தத் தடவை தன் போனுக்கு ஒன்றும் வரவில்லையே என்று அய்யாத்துரை பள்ளிக்கு வந்து கேட்டார். சுகாதார அலுவலகத்தில் கேளுங்கள் என்றேன். அவர் கம்பெனியில் சொன்னாரா, கம்பெனி போய்ச் சுகாதார அலுவலகத்தில் கேட்டதா, எனக்குத் தெரியாது. ஜனவரியில் செந்தாமரைக்கு மெமோ வந்தது. நாற்பத்தேழு மாணவர்களின் படிவங்களில் பணியாளர் தன் சொந்தக் கைபேசி எண்ணைப் பதிவு செய்தது கணினி ஆய்வில் தெரியவந்துள்ளது. நோயாளர் விவரங்களைத் தன்வசம் வைத்துக்கொண்டது விதிமீறல். மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும்.

கணினி ஆய்வாம். நவம்பரில் அதே கணினியில், அதே பள்ளியிலிருந்து, நாற்பத்தேழு பிள்ளைகளுக்கு ஒரு கான்ட்ராக்டரின் எண் போயிருந்தது. அப்போது அந்தக் கணினிக்குக் கண் இல்லை. மாசானத்துக்கு மூச்சு நிற்கப் பார்த்ததற்கு யாரிடமும் யாரும் விளக்கம் கேட்கவில்லை. நானே அலுவலகத்துக்குப் போனேன். படிவத்தை எழுதியது நான், டிக் போட்டது நான், என் கையெழுத்தைப் பாருங்கள் என்று மேசையில் வைத்தேன்.

"டீச்சர், நீங்க பர்மனன்ட் ஸ்டாஃப், வேற டிபார்ட்மென்ட். இதுல எல்லாம் வராதீங்க" என்றார் அங்கிருந்த அதிகாரி, சிரித்துக்கொண்டே. எனக்கு நல்லது செய்கிறாராம். அந்தச் சிரிப்பை அய்யாத்துரையின் முகத்திலும் பார்த்திருக்கிறேன். இந்த ஊரில் நல்லது செய்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

மார்ச்சில் அவளுக்குப் புதுப்பிக்கவில்லை. காரணம் எதுவும் எழுதவில்லை, பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். பூமாரிக்குப் பஸ் நிற்காமல் போன மாதிரிதான். இப்போது சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு தனியார் லேபில் ரத்தம் எடுக்கிறாள். ஊசி குத்தும்போது மேலே குருவிக்கூட்டைக் காட்டுகிறாள், பெரியவர்களும் அண்ணாந்து பார்க்கிறார்களாம். ஜூன் மாதம் சேர்க்கைக்கு வருகிற லைன் வீட்டு அம்மாக்கள் அவளுடைய எண்ணைத்தான் இன்னும் கொடுக்கிறார்கள். நான் எழுதிக்கொள்கிறேன். விதி என்ன சொல்கிறது என்று யாராவது வந்து கேட்கட்டும், காத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரியில் அந்த விளக்கக் கடிதத்தை அவள் எழுதியது எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில். பள்ளி விட்டு எல்லோரும் போயிருந்தார்கள். நான் இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். லாக்கர், அய்யாத்துரை, டிக் அடித்தவர், மாசானம், எல்லாவற்றையும் தேதியோடு எழுது, விடாதே என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, மெமோவை இன்னொரு தடவை படித்தாள். மாணவர்களின் பெற்றோர் எண்ணுக்குப் பதிலாகத் தன் எண்ணைப் பதிவு செய்ததற்கான காரணம் என்ன என்பதுதான் அதில் கேள்வி. பேனாவைத் திறந்து ஒரே வரி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, என் பக்கம் திருப்பினாள்.

"போதும் இல்ல டீச்சர்?"

வாங்கிப் படித்தேன். "இந்த எண்ணில் அழைத்தால் எடுப்பார்கள்" என்று எழுதியிருந்தாள்.